முசேயின் உண்ணாநோன்பு

கார்த்திகை பிறந்து பதினோரு நாள் ஆகியும் பாகூருக்கு மேலே வானம் கண் திறக்கவில்லை. ஏரி கரையைத் தொட்டு நின்றது. கலிங்கல் வழியே வழிந்த நீர் கரும்புக் கொல்லைகளின் கால்களை நனைத்துக்கொண்டு கடல் இருக்கும் திசையைத் தேடிப் போயிற்று. கதிர் தள்ளாத சம்பாப் பயிர் தலைதூக்க மனமின்றிச் சாய்ந்து கிடந்தது. வரப்பில் ஒற்றைக் காலில் நின்ற கொக்குகள் யாருக்கோ துக்கம் காப்பவை போலத் தோன்றின. இடியில்லை, மின்னலில்லை, வேகமுமில்லை. அழுது ஓய்ந்தவன் மூச்சிழுப்பது போல மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருந்தது. மூலநாதர் கோயிலின் உச்சிக்கால மணியோசைகூட அந்த ஈரத்தில் கனத்து, எழுந்த இடத்திலேயே விழுந்தது.

பலராமன் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருந்தார். அவருக்கு எதிரே ஒரு தட்டு. தட்டுக்கு எதிரே ஒரு பூனை. தட்டில் இருந்ததைப் பூனை தொடவில்லை. அது வந்து நான்கு நாள் ஆகிறது. நான்கு நாளும் இதே கதைதான்.

ஊரில் சுவரேறித் திரியும் பூனைகளோடு சேர்த்து எண்ணத்தக்க பூனை அன்று அது. ஷார்த்ரூ என்னும் பிரெஞ்சு நாட்டு இனம். அந்த நாட்டிலேயே தேடித்தான் பார்க்கவேண்டும் என்பார்கள். கார்மேகத்தைப் பிழிந்து சாயமேற்றியது போன்ற நீலச் சாம்பல் நிறம். செம்மறிக் குட்டியின் ரோமம் போல நெருங்கி, நீர் உள்ளே இறங்கவொட்டாத இரட்டைப் போர்வை. உருக்கிய செம்பை இரு துளியாக வார்த்து வைத்தாற்போன்ற கண்கள். தோளும் மார்பும் மல்லனுக்குரியவை. கால்கள் மட்டும் மெலிந்து குறுகியவை. "பத்தாயத்துக்கு நாக்காலிக் கால வச்ச மாதிரி கீது" என்று பக்கத்து வீட்டு ராசு சொன்னது பொய்யில்லை.

வாயோரம் எந்நேரமும் ஒரு மெல்லிய புன்னகை தவழும். அது மகிழ்ச்சியால் வருவதன்று, முகத்தின் அமைப்பே அப்படி. எல்லாவற்றுக்கும் மேலாக, அது கத்தாது. பசித்தாலும் கத்தாது, மிதித்தாலும் கத்தாது. மௌன விரதம் பூண்ட துறவியர் மடத்தில் வளர்ந்த குலம் ஆகையால் அப்படி என்று ஒரு கதை வழங்குகிறது. யாரையாவது ஒருவரைத் தன்னவராகப் பற்றிக்கொண்டால் நிழல்போல் பின்னாலேயே நடக்குமாம். அது பலராமனைப் பற்றிக்கொண்டது.

பெயர் முசே. துரைமாரை அழைக்கப் புதுச்சேரியின் பழைய மனிதர்கள் சொல்லும் மரியாதைச் சொல். நகரத்தில் விடுதி நடத்திய பிரெஞ்சுத் தம்பதியர் ஊர் திரும்பியபோது, தங்களிடம் வேலை பார்த்த மஞ்சுளாவிடம் அதைக் கொடுத்துப் போனார்கள். மஞ்சுளா பலராமனின் ஒரே மகள். கணவன் தமிழ்க்குமரனோடு மூலக்குளத்தில் குடியிருந்தாள். பிறகு தமிழ்க்குமரனுக்குப் பிரான்சில் ஆறு மாத வேலை வந்தது. அங்கே கிடைத்த ஒற்றை அறையில் விலங்குக்கு அனுமதி இல்லை. பாகூரில் பிறந்த பெண் பிரான்சுக்கும் பிரான்சில் பிறந்த பூனை பாகூருக்கும் போய்ச் சேரவேண்டும் என்று எழுதியிருந்தது போலும்.

"நீதான்பா இத்த உயிரோட வச்சிருந்து என் கையில குடுக்கணும்" என்று சொல்லித்தான் மஞ்சுளா விமானம் ஏறினாள்.

அந்தச் சொல் பலராமனின் நெஞ்சில் எங்கே போய்த் தைத்தது என்பதை அவள் அறிந்தே சொன்னாளோ, அறியாமல் சொன்னாளோ. சென்ற மார்கழியில்தான் அவர் மனைவி கோகிலாம்பாள் மறைந்தாள். ஐப்பசியிலேயே அவளுக்குக் கால் வீங்கிற்று. பிறகு முகம் உப்பிற்று. பார்த்தவர்கள் எல்லாரும் உடம்பு தேறிவிட்டது, களை வந்துவிட்டது என்றார்கள். பலராமனும் அதை நம்பி மகிழ்ந்தார். மார்கழி விடியலொன்றில் கோயிலில் ராசுவின் குழுவோடு அவர் கண்மூடிப் பதிகம் பாடிக்கொண்டிருந்தபோது அவள் சமையற்கட்டில் விழுந்தாள். சிறுநீரகம் என்றார்கள், முன்பே பார்த்திருக்கவேண்டும் என்றார்கள். அன்றைக்குப் பிறகு பலராமன் பாடவில்லை. யாரிடமும் சபதம் சொல்லவில்லை. சந்நிதியில் பின்வரிசையில் வாயைப் பூட்டிக்கொண்டு அமர்வார், எழுந்து போவார், அவ்வளவுதான். அவள் கூப்பிட்ட குரலைக் கேட்கவிடாமல் செய்தது இந்த வாயல்லவா?

இப்போது அவர் பொறுப்பில் இன்னோர் உயிர். அதுவும் கூப்பிடவே தெரியாத உயிர்.

மதியம் மகளின் அழைப்பு வந்தது. சாப்பிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றார். அவள் சற்று நேரம் யோசித்து, அது தனியாகச் சாப்பிடாத இனம் என்றாள். எதிரில் ஒருவர் சம்மணமிட்டு அமர்ந்து, மூன்று வேளையும் புதிதாகச் சமைத்ததைத் தாமும் உண்ணவேண்டும். கடையில் வாங்கிய பொட்டலமென்றால் அதற்கு வாசனையிலேயே தெரிந்துவிடும்.

பதினோரு மாதமாகத் தேநீர்க்கடை இட்லியில் ஒருவேளை உண்டு மறுவேளை மறந்து கிடந்தவர் பலராமன். பூனைக்காக உலை வைத்தார். முதல்நாள் சோறு குழைந்தது. மறுநாள் ரசம் கடுத்தது. எதுவாயினும் முசே எதிரில் அமர்ந்து, தன் தட்டைப் பாராமல் இவர் தட்டையே பார்த்தது. இவர் எழுந்துவிட்டால் பந்தி முடிந்ததென்று எண்ணிவிடுமே என்று அஞ்சி இன்னொரு பிடி உண்டார். பிறகு இன்னொரு பிடி. பானை காலியானதும் முசே புன்னகை மாறாமல் எழுந்து, முன்னங்காலை நக்கி, பின்கட்டுச் சுவரேறி மறைந்தது. தனிமையில் வருந்தப் போகிறது என்று பலராமன் பெருமூச்செறிந்தார். அவருக்கும் அப்படிச் சுவரேறிப் போகத் தோன்றிய நாள்கள் உண்டு.

மறுநாள் மகள் சொன்னது சுருட்டு. அந்தப் புகையில் ஷார்த்ரூவின் நாக்கு மரத்துப்போகும் என்றாள். நாற்பது ஆண்டுப் பழக்கத்தை அவர் கரும்புக் கொல்லை வாய்க்காலில் எறிந்தார். சுருட்டு போனதும் பொறுமையும் கூடவே போயிற்று. பால்காரனோடு சண்டை, தபால்காரனோடு சண்டை. மழையோடும் ஒருமுறை வாய்விட்டுச் சண்டை. முசே தட்டைத் தொடவில்லை.

அடுத்தது அறை. கோகிலாம்பாளின் அறையை அவர் மார்கழியில் பூட்டியவர் திறக்கவேயில்லை. பூட்டிய அறையின் புழுக்கம் அந்த அடர்ந்த ரோமத்துக்கு ஆகாது, வீட்டில் எல்லாச் சன்னலும் திறந்திருக்கவேண்டும் என்றாள் மகள். சாவியைத் தேடியெடுத்துத் திறந்தார். திறந்த சன்னல் வழியே சாரல் புகுந்து புடவைப் பெட்டியை நனைத்தது. பதினேழு புடவைகளையும் கூடத்தில் கொடி கட்டி உலர்த்தவேண்டியதாயிற்று. வாசலில் போன பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். புடவைகளையும், சவரம் காணாத முகத்தையும் கண்டார்கள். கண் கலங்கி உள்ளே வந்தார்கள். இவருக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்று சேதி பரவிற்று. மூன்று நாள் துக்கம் விசாரிக்க வந்தோர்க்கெல்லாம் அவர் காபி போட்டுக் கொடுத்தார். முசே அரக்குநிறச் சுங்குடியின்மேல் படுத்து, வந்தவர்களை நோக்கிப் புன்னகைத்தது.

"சாவு வூட்டுல சிரிக்குது பாரு இது" என்றாள் ஒருத்தி.

"அது சிரிக்கலம்மா. அதுக்கு மூஞ்சியே அப்பிடித்தான்" என்று பலராமன் பூனைக்காகப் பரிந்தார்.

எட்டாம் நாள் மகள் பெரிய அஸ்திரத்தை எடுத்தாள். கடல்மீன். அதுவும் விடிந்ததும் பனித்திட்டுக் கரையில் இறங்கும் மீன். மொபெட்டில் போனால் பெட்ரோல் வாடை கையில் ஒட்டும், ஆகவே சைக்கிளில் போகவேண்டும்.

பலராமனின் குலத்தில் மூன்று தலைமுறையாக மீனைத் தொட்டவர் இல்லை. சொல்லிப் பார்த்தார். அப்படியானால் வேண்டாம்பா என்றாள் மகள். அந்தச் சொல்லை அவரால் தாங்க முடியவில்லை. மறுநாள் பழைய சைக்கிளுக்குக் காற்றடித்து, திருநீறு பூசி, மூக்கைத் துண்டால் கட்டி, கிருமாம்பாக்கம் தாண்டிக் கடலை நோக்கி மிதித்தார். கரையில் கூடையோடு இருந்த விஜயராணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா சாமி, வழி தவறி வந்துட்டியா?"

"இல்லம்மா. மீன் வேணும். முசேவுக்கு."

"வெள்ளக்காரர் வந்து தங்கிக்கீறாரா வூட்டுல? முள்ளு எடுத்துட்டுக் குடு சாமி, அவங்களுக்கு முள்ளு பழக்கம் இருக்காது."

"தலையோட துன்னுவாருன்னுதான் எம் பொண்ணு சொல்லுது."

விஜயராணி சிறிது யோசித்தாள். "நல்ல மனுசன்தான் போலக்கீது" என்று ஒரு பிடி நெத்திலி கூடுதலாகப் போட்டாள்.

உப்பும் வெங்காயமும் பூனைக்கு ஆகா. வெறும் நீரில் வேகவைக்கவேண்டும். கோகிலாம்பாளின் அடுப்பில் மீனை ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை. கொல்லையில் மூன்று கல் கூட்டி, ஒரு கையில் குடையும் மறு கையில் ஊதுகுழலுமாகக் குந்தி அவித்தார். ஊரில் உள்ள பூனைகள் யாவும் மதில்மேல் வரிசையாக வந்து அமர்ந்தன. காக்கைகள் கூரையை நிறைத்தன. முசே மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு அவர் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. விரலால் கோதினார், மழைநீர் ரோமத்தின் மேலேயே உருண்டு நின்றது. உடல் மெலியவில்லையே என்று ஒரு கணம் ஆறுதல் பிறந்தது. அடுத்த கணமே, இத்தனை தடித்த ரோமத்துக்குள் எலும்பும் தோலுமாகக் கிடந்தாலும் வெளியே எப்படித் தெரியும் என்று அச்சம் பிறந்தது.

மூன்றாம் நாள் மீனோடு திரும்பும்போது ராசு வழிமறித்தார். பதிகக் குழுவின் தலைவர், வயதில் மூத்தவர், நாக்கில் எப்போதும் சற்று நெருப்பு வைத்திருப்பவர்.

"இன்னாடா பலராமா இது? கார்த்திகை மாசத்துல நெத்தியில விபூதி, கையில நெத்திலி."

"எனக்கில்ல அண்ணே. பூனைக்கு."

"பூனைக்குன்னு ஊருக்கு யாரு போய்ச் சொல்றது? சோமவாரத்தன்னிக்கு இந்த வாசனையோட சந்நிதிக்கு வராத. வந்துதான் இன்னா பண்ணப் போற, வாயத் தொறந்து பாடவா போற?"

பலராமன் மீன்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். சைக்கிள் மணியில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. ராசு ஏதோ இன்னும் சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, குடையைச் சாய்த்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மதியம் மகள் மெல்லக் கேட்டாள். மூலக்குளத்தில் தினமும் காலையில் அவள் பாட்டுப் போடுவாளாம். அதைக் கேட்டபடியேதான் முசே சாப்பிடுமாம்.

"ஒரே ஒரு பதிகம்பா. கோயில்ல போயி நீ பாடேன், அது உன் பின்னாலயே வரும்."

"அத்த மட்டும் கேக்காத மஞ்சு" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தார். இத்தனை நாளில் அவர் மறுத்த கட்டளை அது ஒன்றுதான்.

மறுத்ததற்குத் தண்டம்போல, திங்கட்கிழமை காலை முசே எழுந்திருக்கவில்லை. தட்டினால் ஒரு கண்ணைத் திறந்து புன்னகைத்தது, மீண்டும் மூடிக்கொண்டது. பலராமன் பதறி, கீரைக்கூடையில் துணி விரித்துப் பூனையைக் கிடத்தி, தவளக்குப்பத்தில் கால்நடை மருத்துவம் பார்க்கும் முத்துக்குமாரிடம் கொண்டுபோனார். சந்திப்பின் நெரிசலில் பேருந்துகள் சேறடித்தன. கூடையைத் தம் உடம்பால் மறைத்து, சேற்றை அவர் வாங்கிக்கொண்டார்.

மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், பிறகு நிறுவையில் வைத்தார். மஞ்சுளா கொடுத்துப்போன மூலக்குளத்து மருத்துவச் சீட்டில் எழுதியிருந்த எடையோடு ஒப்பிட்டார்.

"அரைக் கிலோ ஏறியிருக்குங்க ஐயா. நல்லா உடம்பு தேறியிருக்கு."

பலராமனின் முகம் வெளுத்தது.

"பன்னெண்டு நாளா ஒண்ணும் துன்னல டாக்டர். எப்பிடி ஏறும்? வீக்கமா இருக்கும். நல்லாப் பாருங்க."

மருத்துவர் மீண்டும் பார்த்தார். வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, மழைநாளில் பூனை தூங்கத்தான் செய்யும் என்றார். இந்த ரோமத்துக்குப் பிரஷ் போடவேண்டாம், விரலால் கோதினால் போதும், நனைந்தால் துடைத்துவிடுங்கள், இந்த இனத்தில் சிலவற்றுக்கு முழங்கால் சில்லு நழுவும், ஆகவே மேலும் பருக்க விடவேண்டாம் என்றார். பலராமனின் காதில் ஒன்றும் ஏறவில்லை. உடம்பு தேறிவிட்டது என்ற அந்தச் சொல்லை அவர் முன்பே கேட்டிருக்கிறார். அதை நம்பியிருக்கிறார். நம்பியதற்கு விலையும் கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கூடையை இறக்கினார். கொடியில் புடவைகள் அசையாமல் தொங்கின. நெடுநேரம் அவற்றைப் பார்த்து நின்றார். பிறகு கிணற்றடிக்குப் போய், மீன்வாடை போகும்வரை சிகைக்காய் தேய்த்து மூன்று முறை குளித்தார். உலர்ந்த வேட்டி உடுத்தினார். கோயிலை நோக்கி நடந்தார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது, சேற்றில் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து, ஓசையில்லாமல் முசே பின்னால் வந்துகொண்டிருந்தது.

சோமவார அந்தி. சந்நிதியில் விளக்குகள் வரிசையாக எரிந்தன; ராசுவும் குழுவும் முன்னே அமர்ந்திருந்தனர். பலராமன் பின்வரிசையில்கூட அமரவில்லை. வாயிற்படிக்கு அருகே ஓர் அகலை வைத்து ஏற்றினார். முசே அதன் பக்கத்தில் கால்களை உள்ளிழுத்து அமர்ந்தது. செம்புக் கண்களில் சுடர் இரண்டாயிற்று.

"என் பாட்டுக்கு ஒருத்தியைக் கொடுத்தேன். இந்த வாயில்லா உயிரையாவது அந்தக் கணக்கில் சேர்க்காதே அப்பா" என்று உள்ளத்துள் சொன்னார். கண்ணை மூடவில்லை. இம்முறை கண்ணைத் திறந்தபடி, பூனையைப் பார்த்தபடியே பாடினார்.

முதல் அடியில் குரல் துருப்பிடித்த கீல்போல் முனகிற்று. இரண்டாம் அடியில் உடைந்தது. மூன்றாம் அடியில் தன் பழைய தடத்தைக் கண்டுகொண்டு மேலேறிற்று. ராசு திரும்பிப் பார்த்தார். கைத்தாளத்தை எடுத்தார். குழு மெல்லப் பின்பாட்டில் சேர்ந்துகொண்டது. பதிகத்தின் பதினொரு பாட்டும் முடிந்தபோது மழையின் ஓசை கேட்கவில்லை. நின்றுவிட்டதோ, கேட்கவில்லையோ, யாரும் எழுந்து பார்க்கவில்லை.

பலராமன் விளக்கின்முன் விழுந்து வணங்கினார். எழுந்தபோது கன்னம் நனைந்திருந்தது. எதிரில் ராசுவின் மனைவி தையலம்மாள் நின்றிருந்தாள். பேச்சுக் குறைந்தவள், அத்தனை நாளும் மதிலுக்கு அப்பால் ஒரு தலையாக மட்டுமே தெரிந்தவள். கையிலிருந்த திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் நிறையப் பூசினாள். குனிந்து முசேயின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தாள்.

"நூறு வருசம் நல்லா இருப்ப தம்பி" என்றாள். "நாளையிலேர்ந்து முசேவுக்கு நீயே சோறு போட்டுக்க, நீ கோயில்ல வாயத் தொறந்து பாடுற வரைக்கும் மூணு வேளையும் எங்க மாட்டுக் கொட்டாயில வயிறு முட்டத் தீனி வச்சுதான் உன் வூட்டுக்கு அனுப்பணும்னு, ஒரு மூட்டைய எங்கிட்ட குடுத்துச் சத்தியம் வாங்கிக்கினு போச்சு ஒம் பொண்ணு."